ஆறு கோழிக்கு நூறு டோஸ்

ராணிக்கெட் தடுப்பூசி எங்கள் காலத்தில் நூறு டோஸ் குப்பியில்தான் வரும். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, அடியில் உலர்ந்த தூள். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து எடுத்துப் போக வேண்டும். உப்புநீரில் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் நூறு கோழிக்கும் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் மண்ணுக்குத்தான். பெங்களூரைச் சுற்றிய கிராமங்களில் ஒரு வீட்டில் இருந்ததோ ஐந்து கோழி, மிஞ்சிப்போனால் ஆறு.

கர்நாடகக் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோழிக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் வழக்கம் இத்தனை காலம் ஏன் நிலைத்தது என்று பேச்சு வரும்போது, படிக்காத ஜனங்களின் மூடநம்பிக்கை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்து பண்ணைக்கென்று அளந்து அடைக்கப்பட்டது. கோழி இருந்தது வீட்டுக் கொல்லையில். அந்தக் கொல்லைக்கு வந்து சேர முடிந்த மருந்து மஞ்சளும் பூண்டும் சின்ன வெங்காயமும்தான்.

பெங்களூரில் கோழிக்கும் முட்டைக்கும் பெரிய கிராக்கியை உண்டாக்கியது கண்டோன்மென்ட். 1809ல் ஆங்கிலேயப் படை இங்கே நிலைகொண்டது. படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறின; சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், சாமான் சப்ளை செய்பவர் என்று ஆளுக்கொரு வேலை. என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து ஒரு பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தவர். துரைவீட்டில் காலையில் முட்டை இல்லாமல் நாள் தொடங்காது. யாராவது காய்ச்சலில் படுத்து எழுந்தால் பாலில் முட்டை அடித்து, பிராந்தி விட்டுக் கொடுப்பார்கள். தாத்தா கோழியை வெட்டி மசாலா தடவினார் என்றால், அந்தக் கோழியையும் முட்டையையும் உண்டாக்கிக் கொடுத்தது அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆயா, என் பாட்டி. பங்களாவுக்குப் போனது போக மீதி கடைத்தெருவுக்குப் போகும். விரிசல் விட்ட முட்டை மட்டும்தான் எங்கள் தட்டுக்கு வரும்.

துரைசானிகளும் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து 1888ல் கொண்டுவந்த குடும்ப நிர்வாகக் கையேட்டில் கோழிக்கும் இடம் உண்டு. ஐசா ட்வீட் என்பவர் இந்தியாவில் கோழி வளர்ப்பது பற்றியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கல்கத்தாவில் தாக்கர் ஸ்பிங்க் வெளியிட்டது. இந்தப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு எஜமானி சொல்வதும் வேலைக்காரர்கள் செய்வதும் தெரியும். கொல்லையில் குந்தி உட்கார்ந்து குஞ்சுக்கு அலகைத் திறந்து மருந்து ஊட்டியவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுதிவைக்க யாருமில்லை. ஆகவே ஆயா செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முட்டை இட்ட அன்றே அதன்மேல் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள். அடைக்கு வைக்கும்போது பழைய முட்டை கலந்துவிடக் கூடாது. தண்ணீரில் போட்டு, படுத்துக் கிடப்பதை மட்டும் எடுப்பாள். மேலே எழும்பினால் அது ஆம்லெட்டுக்குக்கூட ஆகாது. கூடையில் மணல், மணலுக்கு மேல் வைக்கோல், அதன்மேல் பதினொன்று அல்லது பதின்மூன்று முட்டை. வேப்பிலையும் புகையிலைக் காம்பும் கூடையில் போடுவாள், செல்லுப்பூச்சி அண்டாமல் இருக்க. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓர் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் கரித்துண்டும் வைப்பாள். ஆணியாலும் மிளகாயாலும் ஒரு பயனும் இல்லை. ஆனால் புகையிலைக் காம்பு பூச்சியை விரட்டும் என்பதை என் அனுபவத்திலேயே பார்த்தேன். ஏழாம் நாள் இருட்டில் முட்டையை விளக்கின் முன் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடாததை எடுத்துவிடுவாள். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் இதே வேலைக்கு விளக்குப் பெட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். நரம்பைத் தேடும் கண் ஒன்றுதான்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் அவள் கொடுத்த தீனிதான் எனக்கு இன்றும் வியப்பு. பழைய மண்பானையில் கிழிந்த கோணியையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைப்பாள். விடிவதற்குள் பானை நிறையக் கரையான். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதால் இருட்டோடு போய் எடுத்து வந்து குஞ்சுகளின் முன்னால் தட்டுவாள். நொய்யிலும் கம்பிலும் கிடைக்காத புரதம் காசில்லாமல் கிடைத்தது. சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று கொல்லை மூலையில் எப்போதும் இருக்கும்; கோழிகள் அதில் புரண்டு தாமே பேனை உதறிக்கொள்ளும். அடை தெளியாமல் சும்மா படுத்தே கிடக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பாள். அதற்கும் மசியாவிட்டால் மூக்கில் இறகைச் செருகுவாள். அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது. சளிக்கு மிளகும் சின்ன வெங்காயமும்.

கோழிக்கு வைத்தியம் பார்த்த வீட்டில், கோழியும் மனிதருக்கு வைத்தியமாயிற்று. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை. பிள்ளை பெற்றவளுக்குக் குஞ்சுக்கோழிச் சாறு. மார்ச்சளிக்கு மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி ரசம். கை முறிந்தால் புத்தூர்க் கட்டு. ஆந்திராவில் பழைய சித்தூர் ஜில்லாவின் புத்தூர் பக்கம் வழிவழியாகக் கட்டுப்போடும் குடும்பங்கள், மூங்கில் பத்தையோடும் பச்சிலையோடும் முட்டை வெள்ளைக்கருவையும் தடவித் துணி சுற்றுவார்கள்; காய்ந்ததும் அது இறுகி எலும்பை அசையவிடாது. இன்று பெங்களூரில் அந்தப் பெயரைப் போட்ட பலகைகள் ஏராளம்.

இத்தனை கைப்பக்குவமும் ஒரே ஒரு நோயின் முன்னால் நிற்கவில்லை. வெயில் ஏறும் மாசி, பங்குனியில் ஒரு கோழி கழுத்து முறுக்கி, இறக்கை தொங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தமிழில் வெள்ளைக்கழிச்சல், கன்னடத்துக்காரர்கள் கொக்கரெ ரோகம் என்பார்கள். வாரத்துக்குள் தெருவே காலி. இந்த நோயை உலகம் அடையாளம் கண்டதே 1926ல்தான். அந்த ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும். மறு ஆண்டு குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் எட்வர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி கண்டறிந்து எழுதியதால் நமக்கு அது ராணிக்கெட் நோய் ஆயிற்று.

அந்தச் சமயம் ஹெப்பாளில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கத்தான் செய்தது. மைசூர் சமஸ்தானம் 1925ல் தொடங்கிய சீரம் நிலையம் அது. ஆனால் அதன் கவலை மாட்டைக் கொன்ற வெக்கை நோய். மாடு செத்தால் ஏர் நிற்கும், வரி நிற்கும். கோழி செத்தால் ஒரு பெண்ணின் சுருக்குப்பைதான் காலியாகும். வெகுகாலம் கோழியைக் கணக்கில் எடுத்தவர்கள் சர்க்காருக்கு வெளியேதான் இருந்தார்கள். வடக்கே ஏட்டாவில் ஸ்லேட்டர் என்ற அமெரிக்க மிஷனரியும், தெற்கே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹாட்சும் நல்ல இனச் சேவல்களைக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். மார்த்தாண்டத்தில் முட்டையைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தடுப்பூசிக்கு 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முக்தேஸ்வர் ஆய்வகத்தில் ஹாடோவும் இத்னானியும் நோய்க்கிருமியைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தார்கள். அந்த வகைத் தடுப்பூசி பின்னாளில் எங்கள் ஹெப்பாள் நிலையத்திலேயே தயாரானது.

மருந்து ஊரில் இருந்தும் கோழிகள் செத்தன. நோய் வந்த சேதி பரவியதும் வீட்டுக்காரர் செய்யும் முதல் காரியம், நன்றாக இருக்கும் மிச்சக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. அவர்மேல் குற்றமில்லை, நாளைக்கு அதுவும் சாகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சந்தைக் கூடையில் ஏறிய கோழியோடு நோய் அடுத்த தாலுகாவுக்குப் போய்விடும். ஆறு கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மருந்தகத்தில் தயங்குவார்கள். இருபது வீட்டுக் கோழியை ஒன்றாகப் பிடித்துக் கொண்டுவாருங்கள் என்பார்கள். பகலில் நாட்டுக்கோழியைப் பிடிக்கப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும்.

இதற்கிடையே பண்ணைகள் வளர்ந்தன. ஐந்தாண்டுத் திட்டங்களில் மத்திய அரசு நாட்டில் சில இடங்களில் அமைத்த கோழி இனப்பெருக்கப் பண்ணைகளில் ஒன்று, பெங்களூருக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் தந்த ஹெசரகட்டா ஏரிப் பக்கம் வந்தது. வெள்ளை லெகார்ன், கூண்டு, கலப்புத் தீவனம், 1971ல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் என்று தொழில் பெருகிய கதை பலருக்குத் தெரிந்ததே. 1950-51ல் நாடு முழுவதும் கிடைத்தது 183 கோடி முட்டை, ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து. 2022-23ல் 13,838 கோடி, ஆளுக்கு 101. இது சாதாரண சாதனை இல்லை. விரிசல் முட்டைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவன் இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

கொல்லைக்காகவே செய்யப்பட்ட முயற்சி ஒன்றும் இங்கே நடந்தது. ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறை 1989ல் கிரிராஜா கோழியை வெளியிட்டது. பருந்தின் கண்ணை ஏய்க்கப் பல நிற இறகு, நாட்டுக்கோழியைப் போல மேய்ந்து தின்னும் குணம். முட்டையோ ஆண்டுக்கு 130, 140 வரை. நாட்டுக்கோழி அறுபதைத் தாண்டுவதே அரிது. குஞ்சு கேட்டு வந்தவர்கள் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு குறை, கிரிராஜா பொதுவாக அடைக்கு உட்காராது. முட்டையை நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியில்தான் வைக்க வேண்டும். அப்போது ஆயாவின் கூடையும் மணலும் மறுபடி தேவைப்பட்டன. 2005ல் வந்த ஸ்வர்ணதாரா இன்னும் அதிகம் முட்டையிட்டது.

பெரிய பண்ணைக்கும் கெட்ட காலம் வந்தது. 2012 அக்டோபரில் ஹெசரகட்டா மத்தியப் பண்ணையிலேயே வான்கோழிகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் பேணிய இனத் தொகுதிகள் சில நாட்களில் குழிக்குள் போயின. அதைவிட நீண்டகாலக் கவலை ஆன்டிபயாட்டிக். நோய் வந்தாலும் வராவிட்டாலும் தீவனத்தில் கலக்கும் பழக்கம் பரவியது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டினைக்கூட கோழிக்குக் கொடுத்தார்கள்; 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

பூண்டும் மஞ்சளும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது இந்தக் கவலையால்தான். எலகங்கா பக்கம், 1993ல் தர்ஷன் சங்கரும் சாம் பிட்ரோடாவும் தொடங்கிய மூலிகை மருத்துவ அறக்கட்டளை கால்நடைக்கான மரபு வைத்தியத்தைச் சேகரித்துச் சோதித்து வருகிறது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதே வழியில் உழைத்தவர். வெள்ளைக்கழிச்சலுக்கு அவர்கள் சொல்லும் உருண்டையில் கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வெங்காயம், பூண்டு. ஆயா கீழாநெல்லி மட்டும் சேர்த்ததில்லை. சளி, கழிச்சல், புண், பேன் இவற்றுக்கு இந்த மருந்துகளை நான் தயங்காமல் சொல்வேன். ராணிக்கெட்டுக்கு இதை மட்டும் நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். கீழாநெல்லி மஞ்சள்காமாலைக் கிருமியை விரட்டுகிறது என்று 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. மூலிகையை மதிப்பதென்றால் அதை அந்த அளவுக்குக் கறாராகச் சோதிப்பதுதான்.

குப்பி விவகாரத்துக்கு உருப்படியான பதில் தீனியின் வழியாக வந்தது. ஆஸ்திரேலியரான ஸ்பிராட்பிரோவும் மலேசிய விஞ்ஞானிகளும் 1980களில் சூடு தாங்கும் கிருமி வகையைத் தானியத்தில் பூசிக் கோழிக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகமும் அதுபோலக் குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தது. கோழியைத் துரத்த வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

எங்களுக்கு அது கிடைப்பதற்கு முன்பே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். 2000க்குப் பிறகு கர்நாடகக் கிராமங்களில் ஸ்திரீ சக்திச் சங்கங்கள் வந்தன. ஹெசரகட்டா பக்கத்தில் ஒரு சங்கத்துப் பெண்கள், எந்தத் தெருவில் எத்தனை கோழி என்று எழுதி வைத்து, ஒரு குப்பிக்கான கணக்கு சேர்ந்ததும் சொல்லி அனுப்புவார்கள். ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்திருப்பார்கள். விடியுமுன் நான் போவேன். அன்றைக்குப் பஞ்சாரத்தைத் திறக்கக் கூடாது என்று முந்தின இரவே சொல்லியாகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தி கோழியை எடுத்து இறக்கையை விரித்துப் பிடிப்பாள், நான் ஊசி போடுவேன், இன்னொருத்தி நோட்டில் கோடிழுப்பாள். எட்டு வாரம் ஆகாத குஞ்சுகளுக்கு ஊசி கிடையாது. அவற்றுக்கு வேறு வகை மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. தை முடிவதற்குள் ஒரு சுற்று. நன்றாக விடிவதற்குள் குப்பி காலியாகிவிடும். கொட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் ஊசி போடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இப்போதும் சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய்வருகிறார், கோழிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு. மஞ்சள் விழுதுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை.