அம்மாவின் ரேந்தை ஊசி

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்தபோது, எங்கள் அம்மாவும் சனத்தோடு சனமாக மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அவருடைய கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. அதற்குள் அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு சேலைகள், ஒரு குரோஷே ஊசி. நாங்கள் அப்போது டென்மார்க்கில் இருந்தோம். மூன்று வருடங்களின் பின் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்து இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். கலியாணப் படங்களை விட்டுவிட்டார், குத்துவிளக்கை விட்டுவிட்டார், ஐந்து சதம் பெறாத ஊசியை எடுத்து வந்திருக்கிறார்! அம்மா சிரிக்கவில்லை. "அது இருந்தால் எங்கை போனாலும் கை சும்மா இராது, பிள்ளையள்" என்றார்.

அம்மா இப்போது இல்லை. ஊசி எங்களிடம் இருக்கின்றது. அவருடைய பதிலின் பொருளைத் தேடிப் போனபோது, வெறும் பொழுதுபோக்கு என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்றின் பின்னால் பஞ்சமும் அடிமைத்தனமும் புலப்பெயர்வும் கலந்த ஒரு வரலாறு இருப்பதைக் கண்டோம். அதையே இங்கு எழுத முனைகின்றோம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பின்னல் புதிதல்ல. வானொலிப் பெட்டியின் மேல் ஒரு விரிப்பு, கதிரையின் முதுகில் ஒன்று, தண்ணீர்ச் செம்பை மூட ஓரத்தில் மணி கோத்த வட்ட வலை. எல்லாவற்றையும் பொதுவாக ரேந்தை என்றே சொன்னோம். ரேந்தை என்பது போர்த்துக்கேயரின் 'ரெண்டா' என்ற சொல். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் அவர்களின் நேரடி ஆட்சியில் இருந்தது. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்ற சொற்களும் அவர்கள் விட்டுச் சென்றவையே. எங்கள் வீட்டில் விரிப்புக்கும் அது விரிக்கப்பட்ட பொருளுக்கும் ஒரே மொழியிலிருந்துதான் பெயர் கிடைத்திருக்கின்றது.

ஆனால் குரோஷே அவ்வளவு பழையதல்ல. பிரெஞ்சு மொழியில் அதற்குச் சிறு கொழுக்கி என்று பொருள். இதன் வரலாற்றை ஆராய்ந்த டெனிஷ் பெண்மணி லிஸ் பலூடான், 1800ஆம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் குரோஷே இருந்தமைக்கு உறுதியான சான்று இல்லை என்கின்றார். துணியைச் சட்டத்தில் இறுக்கி, கொழுக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் கீழைத்தேசங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பின்னர் யாரோ துணியை நீக்கிவிட்டு அந்தச் சங்கிலியை நூலால் மட்டும் போட்டுப் பார்த்தபோது குரோஷே தோன்றியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

இதைச் சோறு போடும் தொழிலாக்கியது அயர்லாந்தின் பஞ்சம். 1845இல் அங்கு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்து வந்த வருடங்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதே அளவு மக்கள் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் 65 இலட்சமளவில் நின்றது. அந்த நாட்களில் கோர்க் நகரத்துக் கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தனர். மொனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் ஒரு மதகுருவின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் அதே வேலையைத் தொடக்கி வைத்தார்.

வெனிஸ் நகரத்து ஊசி ரேந்தை அக்காலத்தில் செல்வர்கள் மட்டும் வாங்கக்கூடியது. அதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதன் சாயலைக் குரோஷே ஊசியால் மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுவர முடிந்தது. ஒரு கம்பியின் நுனியை அராவி வளைத்து மரத்துண்டில் செருகினால் ஊசி தயார். தறியோ பட்டறையோ தேவைப்படவில்லை. ரோசாப் பூ, திராட்சை இலை, மூவிலை எனத் தனித்தனியாகப் பின்னிப் பிறகு ஒன்றாக இணைத்தனர். சில குடும்பங்கள் தமக்கென ஒரு பூவை வைத்துக்கொண்டு அதன் முறையை வெளியாருக்குச் சொல்லாமல் காத்தன. அந்த வருமானத்தில் வாடகை கட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவுக்குக் கப்பற் கட்டணம் கட்டியவர்களும் உண்டு. வீட்டிலிருந்த பெண்ணின் விரலைக்கொண்டு ஒருவரை வெளியே அனுப்பிய குடும்பங்கள் அவை. ஏஜென்சிக்குக் காசு கட்ட அம்மாவின் காப்பை விற்றுவந்த எங்களுக்கு இது விளங்காத கதையல்ல.

முதலில் இது ஏழைகளின் போலி ரேந்தை என்று இகழப்பட்டது. விக்டோரியா மகாராணி அயர்லாந்துப் பின்னலை வாங்கியதோடு தாமும் பின்னக் கற்றுக்கொண்ட பின் அதற்கு மதிப்பு வந்தது. 1900இல், தமது முதிய வயதில், தென்னாபிரிக்கப் போரில் நின்ற வீரர்களுக்காகக் கழுத்துத் துண்டுகள் பின்னினார். இவ்வாறு, ஒருத்திக்குக் கூலியாக இருந்தது இன்னொருத்திக்குப் பொழுதுபோக்காயிற்று.

எமது பக்கத்திலும் இந்த இரட்டை வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கு பெண்களுக்கு ரேந்தை வேலை கற்பித்தார். அது குரோஷே அல்ல. தலையணையில் ஊசி குத்தி நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னரே அங்கு அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தையில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினர்.

ஆந்திராவின் நரசாபூரில் நடந்தது வேறு. அங்கும் மிஷனரிகள் கற்பித்த குரோஷே பெருந்தொழிலாக வளர்ந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஜேர்மனியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் வீட்டு வேலைக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை பின்னினர். ஆனால் அவர்களை யாரும் தொழிலாளர் என்று கணக்கிடவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றார்கள். அந்தச் சொல்லே கூலியைக் குறைத்தது என்பது மீஸின் வாதம்.

இதை வாசித்தபோது எங்களுக்கு அம்மாவின் குரல் கேட்டது. அவரும் "சும்மா இருக்கிற நேரத்திலை பின்னுறன்" என்றுதான் சொல்வார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்து வயதில் கற்றது. தலை குனிந்து வாய் பேசாமல் இருக்கப் பெண்பிள்ளைகளைப் பழக்குவதும் அந்த வகுப்பின் நோக்கமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கலியாணத்தின் பின் அவருக்கென்று இருந்தது மத்தியானச் சமையல் முடிந்த இரண்டு மணித்தியாலம்தான். "உதாலை என்ன வருமானம்?" என்று ஐயா கேட்பார். அம்மா ஒருநாளும் விற்கவில்லை. அயலில் பிள்ளை பிறந்த வீடுகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுத்தார். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் யாருடைய சொல்லுக்கும் அவர் எழும்பவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகின்றது. அடக்கம் பழக்கக் கொடுக்கப்பட்ட ஊசியை அம்மா தன் நேரத்தைக் காக்கும் வேலியாக்கிக்கொண்டார்.

1990இல் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் வந்தன. எங்கள் ஊர்க் கடையில் நூற்பந்து இல்லை. அம்மா மேசை விரிப்பின் கடைசி முடிச்சை வெட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு வருடமாகப் பின்னியது ஒரு பின்னேரத்தில் மீண்டும் நூலாயிற்று. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அந்த நூலே குழந்தைத் தொப்பிகளாயிற்று. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏழு குடும்பங்களோடு இருந்தபோதும் பழைய சட்டைகளைப் பிரித்த நூலில் சிறுமிகளுக்குச் சங்கிலி போடக் காட்டிக் கொடுத்தாராம். செல் சத்தம் கேட்கும்போது கண்ணிகளை உரத்து எண்ணச் சொல்வாராம்.

டென்மார்க்கில் நாங்கள் குடியேறியது யூலண்டின் ஹேர்னிங் நகரில். மணற்பாங்கான இந்தத் தரிசு நிலத்தில் முற்காலத்து மக்கள் கம்பளிக் காலுறை பின்னி விற்றுப் பிழைத்தார்கள். விளக்கெண்ணெயைச் சேமிக்க மாரிகாலத்தில் அயலார் ஒரே அறையில் கூடிக் கதை சொல்லியபடி பின்னுவார்கள். ஸ்டேன் ஸ்டேன்சன் பிளிக்கர் 1842இல் வெளியிட்ட நூல் இத்தகைய பின்னல் அறையொன்றிலேயே நிகழ்கின்றது. அம்மாவுக்கு டெனிஷ் வரவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பின்னேரங்களில் ஒரு சோபாவில் இருந்து பின்னினார்கள். பிழைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேல் பேச்சுத் தேவைப்படவில்லை.

ஒருநாள் எங்கள் மகள் கடையில் மலிவாக வாங்கிய குரோஷே சட்டையோடு வந்தாள். உண்மையான குரோஷே பெரும்பாலும் கையாலேயே பின்னப்படுகின்றது. அம்மா அதைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தார். "ஆரோ ஒருத்தி இரவிரவாக இருந்திருக்கிறாள்" என்றார். மகள் அதன்பின் அந்தச் சட்டையைக் கவனமாக மடித்து வைப்பதைக் கண்டோம்.

இப்போது எங்களுக்கு அந்தப் பதில் விளங்குகின்றது. வீடும் காணியும் ஊரும் பறிபோகலாம். விரல் கற்றது கூடவே வரும். அம்மா எடுத்து வந்தது அதைத்தான். எமது தாய்மார் பின்னியவற்றில் பெரும்பகுதி 1995இலும் பின்னரும் வீடுகளோடு அழிந்துவிட்டது. நாங்கள் அறிய எந்த நூதனசாலையும் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. உயிரோடிருக்கும் தாய்மாரிடம் யாரிடம் கற்றார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். நாங்கள் கேட்கப் பிந்திவிட்டோம். அம்மா கடைசியாகப் பின்னிக்கொண்டிருந்த விரிப்பு பாதியில் நிற்கின்றது. எந்தக் கணக்கில் தொடங்கினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மகள் அதை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்கிறாள்.