அஞ்சு சென்ட்

1904 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. சிட்டி ஹால் நிலையத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியவர் மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன். மனிதருக்குக் கைப்பிடியை விட மனசே வரவில்லை. 103ஆவது தெரு வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனார். அன்று மாலை பொதுமக்களை உள்ளே விட்டபோது கட்டணம் ஐந்து சென்ட். அமெரிக்கர்கள் நிக்கல் என்று சொல்லும் ஒற்றைக் காசு.

அந்த ஐந்து சென்ட் மாறியது 1948 ஜூலை 1ஆம் தேதி. நடுவில் இரண்டு உலகப் போர்கள், ஒரு பெருமந்தம். 44 வருடங்களில் ரொட்டி, வாடகை, சம்பளம் என்று எல்லாவற்றின் விலையும் மாறிவிட்டது. ரயில் டிக்கெட் மட்டும் அப்படியே நின்றது.

கேட்டவுடன் 'அடடா, எவ்வளவு நல்ல ஊர்' என்று தோன்றும். எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் தொழிலில் 'ஹார்ட்கோட்' என்று ஒரு வசவு உண்டு. நாளைக்கு மாறக்கூடிய ஒரு எண்ணை, மாறவே மாறாது என்று நம்பி நிரலுக்குள் நேரடியாக எழுதிவைப்பது. எழுதுகிற அன்றைக்கு ரொம்ப சௌகரியம். பத்து வருடம் கழித்து அந்த எண்ணைத் தொட வேண்டியவன்தான் பாவம். நியூயார்க் தன் ரயில் கட்டணத்தை இரண்டு இடங்களில் அப்படி எழுதி வைத்தது: ஒன்று காகிதத்தில், இன்னொன்று இரும்பில்.

முதலில் காகிதம். 1913இல் நகரம் இரண்டு தனியார் ரயில் கம்பெனிகளோடு பெரிய ஒப்பந்தம் போட்டது. குத்தகைக் காலம் 49 வருடம், கட்டணம் ஐந்து சென்ட். இதில் ஏமாந்தது யார்? கம்பெனிகள் முட்டாள்கள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவில் விலைவாசி பெரும்பாலும் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நிலையான கட்டணம் என்பது ஒரு பாதுகாப்பு. நாளைக்கு யாரும் வந்து நாலு சென்ட் ஆக்கு, மூணு சென்ட் ஆக்கு என்று கேட்க முடியாதே!

அடுத்த வருடமே ஐரோப்பாவில் போர் வந்தது. 1914க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நிலக்கரி, இரும்பு, கூலி எல்லாம் ஏறின. இரண்டு கம்பெனிகளில் ஒன்றான புரூக்ளின் ரேபிட் டிரான்ஸிட் 1918 முடியும்போது திவாலாகி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நாளில், பழக்கமில்லாத ஒரு ஊழியர் ஓட்டிய அந்தக் கம்பெனியின் ரயில் மால்போன் தெருவில் தடம்புரண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அந்த விபத்தை ஐந்து சென்ட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே பங்கு போடப் பணமே இல்லாத ஒரு கம்பெனியின் நிலைமை அது.

இந்த நேரத்தில் மேயராக இருந்தவர் ஜான் ஹைலன். இளவயதில் புரூக்ளின் ரயிலில் வண்டி ஓட்டியவர், வேலையிலிருந்து தூக்கப்பட்டவர். அந்தக் கோபம் அவருக்கு ஆயுசுக்கும் ஆறவில்லை என்றே சொல்ல வேண்டும். கம்பெனிகள் கட்டண உயர்வு கேட்கக் கேட்க, நிக்கலைக் காப்பேன் என்று சொல்லியே அரசியல் செய்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கும் அந்தக் காசு ஒரு சத்தியம் மாதிரி ஆகிவிட்டது. ஆறு சென்ட் என்று வாயைத் திறந்தால் அடுத்த தேர்தல் அவ்வளவுதான். பெரிய கம்பெனியான இன்டர்பரோ 1928இல் ஏழு சென்ட் வசூலிக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1929இல் கம்பெனி தோற்றது.

சரி, டிக்கெட் ஏறவில்லை. அப்போது ஏறிய செலவை யார் கொடுத்தார்கள்?

எந்த மேடையிலும் யாரும் கேட்காத கேள்வி அது. பாதைகள் போட வாங்கிய கடனுக்கு வட்டியும் முதலும் நகரத்தின் வரிப் பணத்திலிருந்து போனது. ரயிலில் ஏறாதவரும் கொடுத்தார். பழைய பெட்டிகள் மாற்றப்படாமல் ஓடின. நெரிசலில் நின்றவர் உடம்பால் கொடுத்தார். எல்லோரையும்விட அதிகம் கொடுத்தது ஊழியர்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. 1934இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். தலைவராக எழுந்தவர் அயர்லாந்திலிருந்து குடியேறிய மைக் குவில்.

1940இல் இரண்டு கம்பெனிகளையும் நகரமே வாங்கிக்கொண்டது. நஷ்டம் இப்போது நேராக அரசாங்கக் கணக்கில். குவிலின் சங்கத்தில் கம்யூனிஸ்டுகளுக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. ஏழையின் ஐந்து சென்ட்டைத் தொடாதே என்பது அவர்களுடைய நிலைப்பாடு, அவருடையதும்தான். ஆனால் 1948 வாக்கில் குவிலுக்குக் கணக்கு புரிந்தது. நிக்கல் நிக்கலாகவே இருக்கும்வரை தன் ஆட்களுக்குச் சம்பளம் ஏறாது. அவர் மேயர் ஓட்வையரோடு பேசினார். ஊதிய உயர்வு கிடைத்தது, கட்டண உயர்வை ஆதரித்தார், பழைய தோழர்களோடு உறவு முறிந்தது. துரோகம் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊரில் 'மலிவான ரயிலுக்கு நாங்கள்தான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்' என்று உரக்கச் சொன்ன சங்கம் அது. கட்டணம் பத்து சென்ட் ஆனது. 1913இலிருந்து பார்த்தால் விலைவாசி அதற்குள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகியிருந்தது.

இனி இரும்பு. 1920களில் நிலையங்களில் சுழல்தடுப்புகள் வந்தன. காசைப் போட்டால் ஒரு சுற்று சுற்றி ஆளை உள்ளே விடும் இயந்திரம். அதன் துளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு காசு. ஐந்திலிருந்து பத்துக்குப் போவது பரவாயில்லை, பத்து சென்ட்டுக்கு டைம் என்ற தனிக் காசு இருந்தது. துளையை மாற்றினால் போதும். 1953இல் டிரான்ஸிட் அத்தாரிட்டி என்ற தனி அமைப்பு உருவாகி, கட்டணம் 15 சென்ட் என்று அறிவித்தபோதுதான் சிக்கல். அமெரிக்காவில் 15 சென்ட் காசே கிடையாது!

விடையாக வந்தது டோக்கன். டைமைவிடக் கொஞ்சம் சின்னது, நடுவில் ஒய் என்ற எழுத்து மட்டும் ஓட்டையாக வெட்டப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டார்கள். நிரலில் அதற்கு 'மாறி' என்று பெயர். இயந்திரத்துக்கு இனி விலை தெரிய வேண்டியதில்லை, டோக்கன் தெரிந்தால் போதும். 1966இல் கட்டணம் 20 சென்ட் ஆனபோது அதே டோக்கன்தான். கவுன்ட்டரில் விற்கிற விலை மட்டும் மாறியது.

ஆனால் எந்த நிரலிலும் பிழை இருக்குமே. விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் மக்கள் டோக்கனை வாங்கிப் பதுக்குவார்கள், நம் ஊரில் பெட்ரோல் விலை ஏறும் முந்தைய இரவு பங்க்கில் நிற்கிற மாதிரி. 1970இல் கட்டணம் 30 சென்ட் ஆனபோது பெரிய அளவில் புது டோக்கன் அடித்தார்கள், துளையையும் மாற்ற வேண்டி வந்தது. எண்பதுகளில் இன்னும் வேடிக்கை. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் நெடுஞ்சாலைச் சுங்க டோக்கன் பதினேழரை சென்ட். அது நியூயார்க் துளையிலும் அச்சாகப் பொருந்தியது. 75 சென்ட் பயணத்தைப் பதினேழரைக்கு முடித்தவர்கள் ஏராளம். துளைக்குள் காகிதத்தை அடைத்துவைத்து, சிக்கிய டோக்கனை வாயால் உறிஞ்சி எடுத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். பிறகு மெட்ரோகார்டு வந்தது, 2003இல் டோக்கன் போனது. இன்றைக்கு அட்டையையோ போனையோ தட்டினால் கதவு திறக்கிறது. விலை எங்கோ ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரி.

விலையை மாற்றுவது இவ்வளவு எளிதானதும் ஒரு புது வழக்கம் வந்தது. 2009க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என்று நிர்வாகம் திட்டமிட்டது. 2015இல் 2.75 டாலர், கொரோனாவால் 2021 உயர்வு தள்ளிப்போய் 2023இல் 2.90; 2026 ஜனவரியில் 3 டாலர். முன்கூட்டியே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது, திட்டுகிறவர்கள் வந்து திட்டுகிறார்கள், பிறகு ஏறுகிறது. இதற்காக இப்போது எந்த மேயரும் தேர்தலில் தோற்பதில்லை.

1948ஐப் பார்த்தவர்களுக்கு இது நல்ல ஏற்பாடாகத் தெரியும், எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான். 2019இலிருந்து குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு நகரம் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. பணக்காரருக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஐந்து சென்ட் என்பதைவிட இது நியாயமான கணக்கு. ஒரே வித்தியாசம்: இதற்கு விண்ணப்பிக்க வேண்டும், வருமானத்தைக் காட்ட வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நிக்கல் காலத்தில் ஏழை என்று யாரும் யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. காசைத் துளையில் போட்டால் தடுப்பு சுழன்றது.