பேராதனைக்கு வந்த கேள்வி

கடுகண்ணாவைக் கணவாயில் ஏறி ரயில் கண்டியை எட்டியது 1867இல். அதே ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வின் முகபாவம் பற்றிய 16 கேள்விகளை அச்சடித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். வியப்பில் புருவம் உயர்கிறதா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? 36 பேரின் பதில்கள் வந்துசேர்ந்தன.

இலங்கையிலிருந்து அவர் அறிய விரும்பியது யானையின் கண்ணீர் பற்றி. பிடித்துக் கட்டிய யானைகள் கண்ணீர் வழியக் கிடந்ததாக எமர்சன் டெனன்ட் இலங்கை பற்றிய தம் நூலில் எழுதியிருந்தார். மனிதர் வீரிட்டு அழும்போது கண்ணைச் சுற்றிய தசைகள் இறுகுகின்றன. அந்த இறுக்கத்துக்கும் கண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்பது டார்வினின் கருத்து. யானைக்கும் அப்படித்தானா? கடுகண்ணாவையிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில் உள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவை அப்போது நடத்திவந்த த்வெயிட்ஸிடம் கேட்டார்.

அதன் பயனாகக் கிளெனி என்ற பாதிரியார், வேறு சிலரோடு சேர்ந்து, புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டமொன்றைக் கவனித்து எழுதினார். சினந்த யானைகள் உரக்கப் பிளிறின. கண்ணோரத் தசை இறுகவில்லை, கண்ணீரும் வரவில்லை. யானை அழுது பார்த்ததே இல்லை என்று உள்ளூர் வேட்டைக்காரர்களும் உறுதியாகச் சொன்னார்கள்.

டார்வின் இதை மறைக்கவில்லை. முகபாவம் பற்றி 1872இல் வெளிவந்த தம் நூலில் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். ஆனாலும் டெனன்டின் எழுத்தையும் லண்டன் விலங்குக்காட்சிச்சாலைக் காப்பாளரின் சொல்லையுமே நம்பினார். யானை பிடிப்பதே தொழிலானவர்களின் சாட்சியம் அடிக்குறிப்போடு நின்றுபோனது பெரும் அநீதி.

அதே நூலில் இன்னொரு கூர்மையான கவனிப்பும் உண்டு. பிறரின் ஆழ்ந்த உணர்ச்சியைக் காணும்போது நம் மனமும் கலங்குவதால், அவர் முகத்தை நுணுக்கமாகப் பார்க்கவே முடியாமல் போகிறது என்றார் டார்வின். பாடகருக்குத் தொண்டை கட்டினால் கேட்பவர்கள் தங்கள் தொண்டையைச் செருமுவதையும், தாண்டுபவர் எம்பும்போது பார்ப்பவர்களின் கால்கள் அசைவதையும் குறித்துவைத்தார்.

பிறரைப் பார்ப்பவரின் உடலும் இப்படித் தானாக அசைவதை அளக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1980களில் சுவீடனின் உப்சாலாவில் உல்ஃப் டிம்பெர்க் முகத்தில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார். சிரித்த முகத்தின் படம் கன்னத் தசையை இயக்கியது. சினந்த முகம் புருவத்தை நெரிக்கும் தசையை இயக்கியது. 2000இல் அவர் குழு அந்த முகங்களை வெறும் 30 மில்லிசெக்கன் காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகமொன்றால் மறைத்தது. முதலில் வந்த முகத்தைக் கண்டதையே உணராதவர்களின் தசைகளும் அதற்கேற்பவே அசைந்தன.