எந்த ஆட்டத்தை முதலில் ஆடுவது?



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் மகன் என்னிடம் ஒரு வேண்டுகோளோடு வந்தான். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் பயில்பவன். 2023-இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் கணினி விளையாட்டைப் பற்றி அவன் நண்பர்கள் ஓயாமல் பேசுகிறார்களாம். அது வயது வந்தோருக்கென வகைப்படுத்தப்பட்ட விளையாட்டு என்பதால் நான் மறுத்துவிட்டேன். அவன் விடவில்லை.

“சரிப்பா, அதுக்கு முன்னால வந்த பழைய ஆட்டங்கள் நெறய இருக்காமே. அதுல எத முதல்ல ஆடுறது?”

“எது முதலில் வந்ததோ அதை முதலில் ஆடு” என்றேன். ஆசிரியருக்குரிய மிடுக்கோடு சொன்ன விடைதான். ஆயினும் அது தவறான விடை. அது ஏன் தவறு என்பதை எனக்கு உணர்த்தியது இவ்விளையாட்டுகளின் வரலாறே. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

தாளிலிருந்து கணினிக்கு

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்குக் கணினி தேவையில்லை. தாள், எழுதுகோல், பகடை ஆகியவையே போதும். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்த மாய உலகில் தாம் செய்யப்போவதைச் சொல்வர். செயல் வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை முடிவு செய்யும். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது இதுதான்.

கதை நடத்துபவரின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன என்று மாணவர்கள் சிலர் எண்ணினர். 1970-களின் நடுப்பகுதியிலேயே இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி அமைப்பில் இத்தகைய ஆட்டங்கள் தோன்றிவிட்டன. கல்விக்காக உருவாக்கப்பட்ட கணினி அமைப்பு அது என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புன்னகை வரவழைக்கும் செய்தி!

வீட்டுக் கணினிகளில் இவ்வகை வேரூன்றிய ஆண்டு 1981 எனலாம். அவ்வாண்டில் இரண்டு ஆட்டங்கள் வெளிவந்தன. ஒன்று, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோரின் ‘விசர்ட்ரி’. மற்றொன்று, டெக்சாஸ் மாநிலத்து இளைஞர் ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’. விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மகனான இவர், 2008-இல் தாமும் விண்வெளி நிலையம் சென்று வந்தார்.

முதல் தோல்வி

நான் சொன்ன விதிப்படி மகன் விசர்ட்ரியைத் தொடங்கினான். அதன் மறுவடிவம் ஒன்று 2024-இல் வெளிவந்திருந்தது. பூமிக்கடியில் பத்து அடுக்குகளில் அமைந்த புதிர்வழி. ஒவ்வோர் அடுக்கும் இருபதுக்கு இருபது கட்டங்கள். ஆறு பேர் கொண்ட குழுவை அதனுள் நடத்திச் செல்லவேண்டும். மறுவடிவத்தில் கணினியே வரைபடம் காட்டும். எனக்கோ ஆசிரியர் புத்தி விடவில்லை. “அதைப் பார்க்காதே. அந்தக் காலத்தில் எல்லாரும் கட்டத்தாளில்தான் வரைந்தார்கள், நீயும் வரை” என்று கணிதப் பாடத்திற்கு வாங்கிய கட்டத்தாளை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, அவனுடைய ஆறு பேரும் இரண்டாம் அடுக்கிலே மாண்டனர். மாண்டவர்கள் தாமாக மீள்வதில்லை. புதிய குழுவொன்றை உருவாக்கி அவர்களைத் தேடிப் போகவேண்டும். மகன் கட்டத்தாளை மடித்து என் மேசைமீது வைத்தான். “நல்லா இருக்குப்பா, ஆனா எனக்கு வேணாம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அம்மரியாதைதான் என்னைச் சுட்டது. வகுப்பறையில் இதே குரலை நான் கேட்டிருக்கிறேன். நல்ல நூலொன்றைத் தவறான வயதில் திணித்தபோதெல்லாம் பிள்ளைகள் இப்படித்தான் மரியாதையாக விலகிப் போனார்கள். நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் மிகப் பழையது தொல்காப்பியம் என்பர். அதற்காக முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தொல்காப்பியத்தையா கற்பிக்கிறோம்? ஆத்திசூடியில் அல்லவா தொடங்குகிறோம்! வரலாற்றின் வரிசை வேறு, கற்றலின் வரிசை வேறு. வகுப்பில் நன்கறிந்த இவ்வுண்மையை வீட்டில் மறந்துபோனேன்.

பெட்டிக்குள் இருந்த பாதி

பழைய ஆட்டங்கள் இன்றைய பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதற்கு அவற்றின் படங்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வேறொரு காரணமும் உண்டு. விசர்ட்ரி ஓடிய ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் 48 கிலோபைட்டு மட்டுமே. நெகிழ்வட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 140 கிலோபைட்டுதான் அடங்கும். கதையையும் விளக்கத்தையும் அதற்குள் எப்படி அடைப்பது? ஆகவே அவற்றை அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தனர்.

அன்றைய விசர்ட்ரியில் மந்திரத்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தால்தான் அது வேலை செய்யும். அப்பெயர்கள் கையேட்டில் இருந்தன. 1988-இல் வெளிவந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’, கதையின் முக்கியக் கட்டங்களில் “இத்தனையாம் எண் பத்தியைப் படிக்கவும்” என்று ஆடுபவரை அச்சுநூலுக்கு அனுப்பியது. முன்கூட்டியே புரட்டிப் பார்ப்போரை ஏமாற்ற அந்நூலில் பொய்யான பத்திகளும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆக, ஆட்டத்தின் ஒரு பாதி வட்டில் இருந்தது. மறுபாதி கையேட்டிலும் ஆடுபவரின் குறிப்பேட்டிலும் இருந்தது. இன்று வட்டிலிருந்த பாதியை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, “பழைய ஆட்டம் புரியவில்லையா?” என்று கேட்பது முறையன்று.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 2001-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழரிடம் கணினி இருந்தது. 1998 இறுதியில் கனடாவின் ‘பயோவேர்’ நிறுவனம் உருவாக்கி வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ முதல் பாகத்தை நான் இரவுச் சந்தையில் வாங்கிவந்தேன். நெகிழி உறைக்குள் ஐந்து குறுவட்டுகள், கையேடு கிடையாது. அவ்விளையாட்டின் விதிப்படி, கவசத்தின் எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். எனக்கு அது தெரியாது. ஐந்தாம் எண் இரும்புச் சங்கிலிக் கவசத்தை விற்றுவிட்டு, எட்டாம் எண் தோல் கவசத்தைப் பெருமையோடு அணிவித்தேன். ஓநாய் ஒன்றிடம் என் வீரன் எத்தனை முறை மாண்டான் என்பதை இங்கு எழுத வெட்கமாக இருக்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் கையேட்டைப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது.

பகைவன் இல்லாத கதை

அப்படியாயின் தொடக்கம் எது? பல நாள் எண்ணிப் பார்த்தபின் நான் தேர்ந்தெடுத்தது, 1985-இல் வெளிவந்த ‘அல்டிமா 4’. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1983-இல் கேரியட் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி ‘அல்டிமா 3’-ஐ வெளியிட்டார். ஆடியவர்களின் கடிதங்கள் அதன்பின் நேரடியாக அவர் கைக்கே வந்தன. அவற்றைப் படித்தவருக்கு அதிர்ச்சி. உலகைக் காக்கும் வீரன் என்று தாம் படைத்த பாத்திரத்தைக் கொண்டு மக்கள் கடைகளில் திருடினர், ஊராரைக் கொன்றனர், வெற்றிக்கு எது விரைவான வழியோ அதைச் செய்தனர். தவறு ஆடியவர்களுடையது மட்டுமன்று, அத்தகைய வழிக்கே பரிசளித்த தம் ஆட்டத்தினுடையதும்கூட என்று அவர் உணர்ந்தார்.

விளைவாகப் பிறந்த அல்டிமா 4-இல் வெல்லவேண்டிய கொடும்பகைவன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளிலும் தேர்ந்து ‘அவதார்’ ஆவதே நோக்கம். நம் ‘அவதாரம்’ என்னும் சொல்தான் அது. இந்திய மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் குறிசொல்லும் பெண் ஒருத்தி இரண்டு நற்பண்புகளை மோதவிட்டு வினாக்கள் தொடுப்பாள். விடைகளுக்கேற்ப நம் பாத்திரம் அமையும். பணிவை உயர்வாகக் கருதுபவன் ஆட்டிடையனாகத் தொடங்குவான். அவன் வலிமை குன்றியவன். பணிவின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமோ?

அப்பெட்டிக்குள் இரண்டு நூல்களும் துணியில் அச்சிட்ட வரைபடமும் இருந்தன. 2011-இல் ‘ஜி.ஓ.ஜி.’ என்னும் இணைய விற்பனைத் தளம் இவ்விளையாட்டை நூல்களின் மின்படிகளோடு இலவசமாக வழங்கத் தொடங்கியது. பெட்டிக்குள் இருந்த பாதியும் இவ்வாறு மீண்டும் கிடைத்தது. இம்முறை நூல்களை அச்செடுத்து நானும் மகனின் பக்கத்தில் அமர்ந்தேன். ஊர் மக்களிடம் சொற்களைத் தட்டச்சு செய்து பேசவேண்டும். அவர்கள் சொல்வதை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். அவன் ஆடினான், நான் எழுதினேன்.

அவ்வுலகில் மூலிகை விற்போர் பார்வையற்றோர். விலையைச் சொல்வார்கள், நாம் எத்தனை நாணயம் தருகிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்யவேண்டும். என் மகன் ஒரே ஒரு நாணயம் கொடுத்தான். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. “பாத்தீங்களாப்பா, கண்டுபிடிக்கவே இல்ல!” என்று சிரித்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள்களுக்குப் பின் அரண்மனையில் ஞானி ஒருவரிடம் நேர்மையைப் பற்றி அவன் கேட்டான். நேர்மை வழியிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டாய் என்னும் பொருள்பட அவர் கண்டித்தார். மகன் திகைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க” என்று மெல்லச் சொன்னான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். “நீங்க காலேஜுல வச்சிருந்தீங்களே அந்த அஞ்சு சிடி, அதுக்குக் காசு சரியாக் குடுத்தீங்களாப்பா?”

நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியன் நான். என்னிடம் விடையில்லை. “இல்லை ஐயா, கள்ளப் பதிப்பைத்தான் வாங்கினேன்” என்று ஒப்புக்கொண்டேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு மூலிகைக் கடைக்குத் திரும்பினான். அதன்பின் ஒவ்வொரு முறையும் முழு விலையைக் கொடுத்தான். அன்றிரவு நான், பால்டர்ஸ் கேட்டின் 2012-ஆம் ஆண்டு மேம்படுத்தப்பட்ட பதிப்பைப் பணம் செலுத்தி வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் காலந்தாழ்ந்த நாணயங்கள்.

எனவே என் பரிந்துரை

பிள்ளையோடு அமர நேரமுள்ள பெற்றோர் அல்டிமா 4-இல் தொடங்கலாம். படங்கள் மிக எளியவை. இறுதிப் பகுதி நெடியது, சலிப்பூட்டக்கூடியது. முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. தனியே ஆட விரும்பும் பதினைந்து, பதினாறு வயது மாணவர்க்குப் பால்டர்ஸ் கேட் முதல் பாகம் பொருந்தும். கவச எண்ணை மட்டும் முதலில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்! வாசிப்பில் தோய்ந்த, இன்னும் வளர்ந்த பிள்ளைகளுக்கு 1999-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப் டார்மென்ட்’ உண்டு. தன் பெயரையே மறந்த ஒருவன் தன் பழம்பிழைகளைத் தேடிச் செல்லும் கதை. அதில் போரைவிட வாசிப்பே மிகுதி. விசர்ட்ரியை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். அப்போது அது தண்டனையாகத் தோன்றாது.

மகன் மடித்து வைத்த கட்டத்தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. சென்ற வாரம் அவனே வந்து, “அந்த ஆறு பேரும் இன்னும் உள்ளதானே கெடக்குறாங்க?” என்று கேட்டான். ஆம் என்றேன். தாளைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவனாகக் கேட்கும்வரை காத்திருப்பேன்.