கண்ணால் கேட்ட பாட்டு

சென்ற மாரியில் வீடு மாறும்போது பழைய பெட்டியொன்றுக்குள் ஒரு பாட்டுக் கசற் கிடைத்தது. அட்டையில் மூன்று இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படம். மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கும் ஆ-ஹாவைத் தெரியுமோ?" என்று ஆச்சரியப்பட்டாள்.

தெரியாமலோ! 1987 ஐப்பசியில் நான் வட நோர்வேயின் பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மாரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. நானும் ஊர்ப் பெடியன் ஒருவனும் ஒரே அறை. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கடும் சண்டை. வீட்டிலிருந்து கடிதம் இல்லை. விடுதியில் ஒரு ரெலிவிஷன் இருந்தது. செய்தியில் ஊரின் பெயர் வந்தாலும் பாஷை விளங்காது.

அந்த ரெலிவிஷனில்தான் 'ரேக் ஒன் மீ' பாட்டைப் பார்த்தோம். சித்திரப் புத்தகத்துக்குள் இருந்து பென்சிலால் கீறின கையொன்று நீண்டு, தேநீர்க் கடையில் இருக்கும் பெண்ணைத் தன் உலகத்துக்குள் கூட்டிப் போகும். கடைசியில் அந்தச் சித்திர மனிதன் சுவரில் மோதி மோதி உண்மை மனிதனாக வெளியே வரப் பாடுபடுவான். இதை விளங்க எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. முதல் சம்பளத்தில் நண்பன் வாங்கியது 'ஹன்ரிங் ஹை அன்ட் லோ' என்ற இந்தக் கசற்.

இதன் கதையை நான் அறிந்தது பின்னாளில்தான். போல் வாக்தார், மாக்னே புருஹோல்மன் இருவரும் ஒஸ்லோவில் 'பிரிட்ஜஸ்' என்ற குழுவில் வாசித்தவர்கள். பாடகர் மோர்ட்டன் ஹார்கெட் அவர்களோடு சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் மூவரும் இசையை நம்பி லண்டனுக்குப் போனார்கள். 1984இல் 'ரேக் ஒன் மீ' வெளிவந்தது, இங்கிலாந்தில் எடுபடவில்லை. அலன் ராணியின் தயாரிப்பில் திரும்பவும் ஒலிப்பதிவு செய்து 1985இல் விட்டார்கள், அதுவும் எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் இசைத்தட்டுக் கம்பனி ஸ்ரீவ் பரனைக் கொண்டு புதுப் படம் எடுப்பித்தது. பிடித்த படத்தின் மேல் மைக்கேல் பற்றர்சனும் கன்டஸ் றெக்கிங்கரும் ஏறக்குறைய 3,000 சித்திரங்களைக் கையால் கீறினார்கள். அதற்கு நாலு மாதமளவில் பிடித்தது. 1985 ஒக்ரோபரில் பாட்டு அமெரிக்காவில் முதலாமிடம் பிடித்தது. நோர்வேக் குழுவொன்று அங்கே முதலாமிடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

ஆக, உலகம் இந்தப் பாட்டை முதலில் கேட்டதே கண்ணால்தான். நாங்களும் அப்படித்தான். கசற்றில் 10 பாட்டுகள் இருந்தும், ஒன்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டோம்.

இப்போது மகள் தன் தொலைபேசியில் முழுவதையும் போட்டுக் காட்டினாள். ஒரு பாட்டின் தலைப்பின் பொருள், 'தொலைக்காட்சியில் எப்போதும் வெயில்தான்' என்பது. 1986 ஜனவரியில் இங்கிலாந்தில் முதலாமிடம் பெற்ற பாட்டு. துள்ளலாகத் தொடங்காமல் மெல்ல, ஏக்கத்தோடு தொடங்குகிறது. எனக்கு அந்த விடுதி ஞாபகம் வந்தது. யன்னலுக்கு வெளியே பகலிலும் இருட்டு. பெட்டிக்குள் மட்டும் வெயில். எங்கட நிலைமையைச் சொன்ன பாட்டு கையிலேயே இருந்திருக்கிறது. பாஷை தெரியாததால் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

அன்றிரவே கனடாவில் இருக்கும் நண்பனுக்கு ரெலிபோன் எடுத்தேன். கசற் கிடைத்தது என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நாடா அறாமல் இருக்கோடா?" என்றான். இருக்கு என்றேன். மற்றப் பக்கத்தில் இருந்து அந்த மெட்டை, சொல் இல்லாமல், முணுமுணுக்கிற சத்தம் கேட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இந்தப் புத்தாண்டில் அதைத் திறந்து, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, கதையைச் சொல்லுங்கோ. அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.