தூக்கம் எந்த ஷெட்யூலில் வரும்?

நாமக்கல் பக்கம் விடிகாலை நாலு மணிக்கு பஸ்ஸில் போனால், காட்டுக்கு நடுவே நீளநீளமான கோழிக் கொட்டகைகளில் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் தேவை. சூரியன் தருவது போக மிச்சத்தை பல்பு தருகிறது. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குப் போகும் அந்த வெளிச்சம் ஹார்மோனைத் தூண்டி, வருஷம் முழுக்க முட்டையிட வைக்கிறது. மாத்திரை இல்லாமலேயே விழிப்பை உற்பத்தியாக மாற்றும் வித்தை. ஆனால் அதிலும் எட்டு மணி நேர இருட்டு உண்டு, அதைக் குறைத்தால் பண்ணைக்காரருக்குத்தான் நஷ்டம். அந்த முட்டையை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவருக்கு எட்டு மணி நேர இருட்டை யார் கணக்குப் பண்ணினார்கள்?

சட்டம் பண்ணியது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றும் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் முதல் பிரிவிலேயே ஒரு சின்ன வாசகம் இருந்தது: ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இது பொருந்தும் என்று. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரித் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். இந்த ஊர்கள் வளர்ந்ததே ஒரு வண்டி, ரெண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்களால். கிளீனராக ஏறி, டிரைவராகி, நிலத்தை அடகு வைத்து, ஃபைனான்ஸ் போட்டுச் சொந்த வண்டி எடுத்தவர்கள். அப்படிப்பட்டவரும் அவருடைய டிரைவரும் சேர்ந்தாலும் ஐந்து பேர் தேற மாட்டார்கள்.

1975இல் நேஷனல் பர்மிட் வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் சரக்கை இறக்கி ஏற்றாமல் ஒரே லாரி நாடு முழுக்க ஓட வழி பிறந்தது. இந்தப் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம், ஒருவர் காலை நீட்டிப் படுக்க இருக்கையும் வேண்டும் என்று விதி இருந்தது. 2018இல் அந்த ரெண்டாவது டிரைவர் விதியை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சமவெளியின் தூக்க வரலாற்றில் எந்த மாத்திரையின் வருகையைவிடவும் பெரிய நிகழ்வு அதுதான்.

மாத்திரையின் கதை வேறு இடங்களில் நடந்தது. ஆம்ஃபெடமின் 1887இல் பெர்லினில் தயாரிக்கப்பட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் உபயோகமில்லாமல் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெர்விட்டின், ஜப்பானில் ஃபிலோபான், ரெண்டுமே மெத்தாம்ஃபெடமின். போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு ஜப்பானியத் தெருக்களுக்கு வந்து, 1951இல் தனிச் சட்டம் போட்டே அடக்க வேண்டியிருந்தது. நம்மூர் டிரைவர்கள் வடக்கே போனபோது சந்தித்தது வேறொன்று: கசகசாக் காயின் காய்ந்த ஓட்டைப் பொடித்த தூள், அவர்கள் பாஷையில் டோடா, புக்கி. அது விழிக்க வைக்கும் பொருளே இல்லை, அபின் வகையறா. உடம்பு வலியை மறக்கடிக்கும். வலி தெரியாதவன் இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டுவான்.

பிரான்ஸில் உருவான மோடஃபினில் பிறகு வந்தது. அமெரிக்கா 1998இல் அனுமதித்தது, பகலில் கட்டுப்பாடில்லாமல் தூங்கி விழும் நார்கோலெப்ஸி நோய்க்காக. 2004இல் ஷிஃப்ட் வேலையால் வரும் தூக்கக் கோளாறையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2010இல் நேர்எதிராகப் போனது: நார்கோலெப்ஸிக்கு மட்டும் போதும், மற்றதற்கெல்லாம் ஆபத்தே அதிகம் என்றது. ஷிஃப்ட் வேலை என்பது நோயா, சம்பளப் பிரச்சினையா என்பதில் ரெண்டு கண்டங்களுக்கும் ஒத்துப்போகவில்லை போல.

இங்கே அது சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. இந்திய கம்பெனிகளே மோடலெர்ட், மோட்விஜில் என்று தயாரித்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகின்றன. ஆம்ஃபெடமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. மோடஃபினில் அதில் இல்லை. 2013இல் அறிவிக்கப்பட்ட ஷெட்யூல் எச்1 பட்டியலின் 46 மருந்துகளிலும் இல்லை. அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கணும். அல்பிரசோலம் உண்டு, சோல்பிடெம் உண்டு. அதாவது தூங்க வைக்கிற மாத்திரைக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு. விழிக்க வைக்கிற மாத்திரைக்கு அது வேண்டாம். யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் ஆசை அதன் பதிவேடுகளில் தெரியும்.

இதை விரும்பிப் போடுபவர்கள் என் தொழிலில்தான் உண்டு. ரிலீஸ் ராத்திரி, அமெரிக்க நேரத்து மீட்டிங். காஃபியின் வீரியம் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகும். இதற்கு 12 முதல் 15 மணி நேரம் ஆகும். காலையில் போட்டது ராத்திரிப் படுக்கைக்கும் கூட வரும். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், அபூர்வமாக உயிரையே பறிக்கக்கூடிய தோல் வெடிப்பைக் கொண்டுவரும் என்பதெல்லாம் அட்டைக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது, படிப்பாரில்லை. எனக்குப் பயமாகத் தோன்றுவது வேறு. 1997இல் கனடாவின் ராணுவ ஆய்வாளர்கள் தூங்கவிடாமல் வைத்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். விழிப்பு கூடியது, கூடவே, தாங்கள் செய்வது சரிதான் என்ற மிகை நம்பிக்கையும் கூடியது. நம் கோடில் பிழை வந்தால் ரோல்பேக் செய்யலாம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவனுக்கு அந்த நம்பிக்கை எதற்கு உதவும்?

அவன் பெரும்பாலும் மாத்திரைக்குப் போவதில்லை. டீ, முகத்தில் தண்ணீர், பீடி, 2013லிருந்து தடை செய்யப்பட்டும் கிடைக்கிற புகையிலைப் பொட்டலம். பதினேழு மணி நேரம் தூங்காதவரின் கைகால் ஒழுங்கு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல இருக்கும் என்று ஓர் ஆய்வு உண்டு, அதுவும் 1997தான். நம் சட்டத்தின் எல்லை 0.03. ஊதச் சொல்லும் கருவியில் தூக்கம் தெரியாது. பேட்டா டிரிப் கணக்கில் வருவதால், டிரைவரும் அதை வெளியே சொல்ல மாட்டார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். அந்த யோசனை பேசப்பட்ட காலத்தில் எழுந்த ஆட்சேபங்களில் ஒன்று, குளுகுளுவென்று இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவார் என்பது.