கிளிஞ்சல் கணக்கும் சிந்தனையின் எல்லையும்

மரக்காணத்து உப்பளங்களுக்குக் கழிமுகத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் வடிவதும் நிலவின் போக்கைப் பொறுத்தவை. எனவே பிறையின் நாள் கணக்கு இக்கரையில் வெறும் சாத்திரமன்று, வாழ்வோடு பிணைந்தது. இதே கரையில் தெற்கே உள்ள புதுச்சேரியில் நிகழ்ந்த ஒரு கணக்கீட்டை, கணினி யுகத்தில் வாழும் நாம் மீண்டும் எண்ணிப் பார்ப்பது தகும்.

சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை முன்னர் வகித்த ஜான் வாரன், 1825இல் 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் கிளிஞ்சல்களை வைத்தும் நகர்த்தியும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவுசெய்தார். அக்கணிதர் ஏட்டையும் புரட்டவில்லை. எண்களைச் சொற்களாக்கிய வாக்கியங்கள் யாவும் அவர் நினைவில் இருந்தன. 1825 மே 31 இரவின் கிரகணத் தொடக்கத்தை அவர் 4 நிமிடப் பிழையுடன் கூறினார். நடுப்பொழுதில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழைத்தன. கணிதவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் இம்முறையின் வேர்களைப் பண்டைய பாபிலோன் வரை தேடிச் சென்றார்.

வியப்புக்குரியது வேறொன்று. அக்கணிதர் தம் கணக்கின் பின்னுள்ள வானியல் கோட்பாட்டை அறிந்தவர் அல்லர். விதி வழுவாது செல்லும் மனம், விளக்கம் இன்றியே விடையை எட்டிற்று. இதைத்தானே இன்றைய இயந்திரமும் செய்கிறது? இவ்வகை விதிமுறைக்கு உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் பெயரும், பக்தாதில் இந்தியக் கணக்குமுறைகளை ஆராய்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததே.

கணித்தல் வேறு, அறிதல் வேறு என்பதை அல்பிரூனி 1030 அளவில் எழுதிய இந்திய நூலிலேயே காண்கிறோம். கிரகணம் நிழலால் நிகழ்வது என்றறிந்து அதைச் சரியாகக் கணித்த பிரம்மகுப்தர், ராகுவே காரணம் என்னும் பொதுநம்பிக்கைக்கு இணங்கிப் பேசியதை அவர் வன்மையாகக் கண்டித்தார். பிழை கணக்கில் இல்லை. அறிந்த உண்மைக்கு உரிய இடத்தைத் தராமையில் இருந்தது.

ஆகவே, கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைப்பதால் சிந்தனை சிறுமையுறுவதில்லை. விடை எதனால் வந்தது, எதுவரை செல்லும் என்று வினவுவதையும் அதனிடமே விட்டுவிட்டால்தான் சிறுமையுறும். பிறையின் இருப்பிடத்தை இன்று கணினி நொடி பிசகாது கூறும். கண்ணால் காண்பதா, கணக்கை ஏற்பதா என்னும் நம் சமுதாயத்தின் வினாவை மட்டும் அது தீர்த்துத் தராது. அது சான்றுகளை எடைபோட்டு, பொறுப்பேற்று நாமே தீர்க்க வேண்டிய வினா.